பலாலி ஓடுபாதையும் கண்டியில் இருந்த தளபதியும்

கோப்பாயில் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரர் போட்டது என்று அப்பப்பா சொல்லுவார். அப்போது இங்கே நின்ற விமானப்படைக்கு மேலே இருந்த பெரிய தளபதி யார்? அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? நல்ல பைலட்டாக இருந்தால் மட்டும் போதுமா?"

அப்பப்பா சொன்னது சரி. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்தப் போர்க்காலத்தில் மின்னேரியா, சீகிரியா, வவுனியா, பலாலி என்று இந்தத் தீவின் பல இடங்களில் பிரித்தானிய விமானப்படைக்கு ஓடுபாதைகள் இருந்தன. அவர்களுடைய ஏடுகளில் பலாலி என்ற பெயர் இல்லை, 'காங்கேசன்துறை' என்றுதான் இருக்கும். தேடும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1944-இல் 160 ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமான அணியும், 1945-இல் 203 ஆம் ஸ்குவாட்ரனும் இங்கிருந்து லிபரேட்டர் விமானங்களை ஓட்டின. நான்கு இயந்திரம் பூட்டிய பெரிய விமானம் அது. வங்காள விரிகுடாவைத் தாண்டி அந்தமான், சுமத்திரா பக்கம் போய்க் கப்பல் தேடுவதும் நீர்மூழ்கி தேடுவதும் படம் எடுப்பதும் அவற்றின் வேலை.

இந்த ஸ்குவாட்ரன்கள் கொழும்பில் இருந்த 222 ஆம் குரூப் என்ற பெரிய பிரிவின் கீழ் வந்தன. அந்தக் குரூப்புக்கு மேலே தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம். அதன் தலைமையகம் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்கு, பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாறியது. அதன் தலைவர் மவுண்ட்பேட்டன் அங்கே இருந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவருக்குக் கீழே முழு விமானப்படைக்கும் பொறுப்பாக 1945 பெப்ரவரியில் வந்தவர்தான் உங்கள் கேள்விக்கு விடை: சேர் கீத் பார்க். நியூசிலாந்துக்காரர்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் விமானப்படைத் தளபதி என்ற சொல்லை ஒரு பொது அறிவுக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ள என் வயதுக்காரருக்கு ஏலாது. சத்தத்தை வைத்தே எது ஹெலி, எது பொம்மர், எது சகடை என்று பிரித்துச் சொல்லப் பழகிய தலைமுறை நாங்கள். பின் வளவில் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு பங்கர் கட்டி, அதற்குள் சிமினி விளக்கோடு இருந்து பாடம் படித்தவன் நான். அதனாலேயே இந்த மனிதரின் வாழ்க்கையை நான் ஆர்வமாகத் தேடிப் படித்தேன். அவருடைய பெயர் நிற்பதற்குக் காரணம், மேலே இருந்து போட்ட குண்டுகளுக்குக் கீழே இருந்த சனத்தைக் காத்தது. அதுவும் இரண்டு முறை, இரண்டு இடத்தில்.

பார்க் 1892 ஜூன் 15 ஆம் திகதி நியூசிலாந்தின் தேம்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த புவியியலாளர். மகனுக்குக் கடல்தான் பிடித்தது. ஒரு கப்பல் கம்பனியில் சேர்ந்து பர்சர் ஆனார். கப்பலில் பர்சர் என்றால் கணக்குப் பார்ப்பவர்: சாமான் எவ்வளவு ஏறியது, எவ்வளவு செலவானது, அடுத்த துறைமுகம் வரை எவ்வளவு தாங்கும் என்பது அவர் தலையில். 'ஸ்கிப்பர்' என்ற பட்டப்பெயர் அந்தக் கடல் நாட்களின் மிச்சம்.

முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1915-இல் கலிப்பொலி. அங்கேதான் அதிகாரி நிலைக்கு உயர்ந்தார், அங்கேதான் பிரித்தானிய இராணுவத்துக்கும் மாறினார். 1916 ஒக்ரோபரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் ஜேர்மன் எறிகணை ஒன்று அவரைக் குதிரையோடு தூக்கி எறிந்தது. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இனிக் குதிரை ஏறத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தக் காலப் பீரங்கி அதிகாரிக்குக் குதிரை இல்லாமல் வேலை இல்லை. சரி, குதிரை ஏற முடியாது என்றால் விமானம் ஏறலாம் என்று அந்த வருடக் கடைசியிலேயே பறக்கும் படைக்குப் போய்விட்டார்! 1917-இல் 48 ஆம் ஸ்குவாட்ரனில் பிரிஸ்டல் ஃபைட்டர் ஓட்டினார். அடுத்த வருடம் அதே ஸ்குவாட்ரனுக்குத் தலைவர். மிலிட்டரி குரொஸ் என்ற வீரப் பதக்கம் இரண்டு முறை கிடைத்தது, பறக்கும் வீரருக்கான டி.எஃப்.சி.யும் கிடைத்தது.

இரண்டு போருக்கும் இடைப்பட்ட இருபது வருடத்தை நான் வேகமாகக் கடக்கிறேன். ஆனால் பதவி ஏணி உண்மையில் கட்டப்படுவது அங்கேதான். 1922-இல் விமானப்படை ஸ்டாஃப் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் வகுப்பிலேயே அவர் படித்தார். பிறகு நிலையங்களை நடத்தினார், பயிற்சி கொடுத்தார், ஆர்ஜென்டீனாவில் தூதரக வேலை பார்த்தார். ஸ்குவாட்ரன் லீடர், விங் கொமாண்டர், குரூப் கப்டன், எயார் கொமடோர் என்ற ஒவ்வொரு படியிலும் பறப்பது குறைந்து, ஆளையும் பொருளையும் நேரத்தையும் கணக்கிடுவது கூடும். 1938-இல் எயார் கொமடோராக, போர் விமானக் கட்டளையகத்தில் டவுடிங் என்ற தலைவருக்கு வலது கையாக நியமிக்கப்பட்டார். ரேடார் கோபுரங்கள், கண்ணால் பார்த்துச் சொல்லும் அவதானிப்பாளர்கள், தொலைபேசிக் கம்பிகள், நிலவறையில் விரித்த பெரிய வரைபடம் எல்லாம் ஒன்றாக இணைந்த அந்தப் பாதுகாப்பு முறையின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

1940 ஏப்ரலில் 11 ஆம் குரூப் அவர் கைக்கு வந்தது. லண்டனும் இங்கிலாந்தின் தென்கிழக்கும் அதன் பொறுப்பு. பிரான்சில் இருந்து வருகிற எதிரிக்கு மிகக் கிட்டிய மூலை அது.

இனி நான் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டிய இடம். பார்க்கை ஏன் பெரிய தளபதி என்கிறார்கள் என்பது இங்கேதான் இருக்கிறது.

எதிரி விமானம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து உள்ளே வர அதிக நேரம் எடுக்காது. ரேடாரில் தெரிந்த பிறகு கிடைப்பது ஏறத்தாழ இருபது நிமிடம். ஒரு ஸ்பிட்பயர் போர் விமானம் சண்டை பிடிக்கும் உயரத்துக்கு ஏறவே கால் மணி நேரம் வேண்டும். சரி, எல்லாவற்றையும் முதலிலேயே மேலே ஏற்றி வைத்தால் என்ன? எரிபொருள் முடிந்து எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கும். அந்த நேரம் பார்த்து அடுத்த அலை வந்தால், நிலத்தில் நிற்கிற விமானங்கள் நின்ற இடத்திலேயே எரியும்.

தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். துலா போய் மிசின் வந்த பிறகும் தண்ணீர் மாறுகிறவரின் வேலை மாறவில்லை. கிணற்றில் இருப்பது இவ்வளவுதான். ஒரு பாத்தி நிறையும்போது மண்வெட்டியால் வாயை அடைத்து அடுத்த பாத்தியைத் திறக்கவேண்டும். முழுத் தண்ணீரையும் ஒரே பாத்தியில் பாய்ச்சினால் அங்கே வெங்காயம் அழுகும், மற்றப் பக்கம் வாடும். கிணறு வற்றினால் திரும்ப ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பார்க் செய்தது இதைத்தான். ஒன்று, இரண்டு ஸ்குவாட்ரனாக அளந்து அனுப்பினார். ஒரு கூட்டம் சண்டை பிடிக்கும்போது ஒரு கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும், ஒரு கூட்டம் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருக்கும். அவருடைய கிணறு ஒரு நாளும் முழுதாக வற்றக்கூடாது. கப்பல் பர்சரின் கணக்குப் புத்தி அது.

பக்கத்தில் 12 ஆம் குரூப்பை நடத்திய லீ-மல்லோரிக்கு இது பிடிக்கவில்லை. நாலைந்து ஸ்குவாட்ரனை வானத்தில் ஒன்றாகத் திரட்டி ஒரே அடியாக அடிக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். 'பிக் விங்' என்பார்கள். கேட்க வீரமாக இருக்கும். திரட்டி முடிய எதிரி குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பான் என்பதுதான் பார்க்கின் பதில். லண்டனிலிருந்து தள்ளி, வடக்கே நேரம் உள்ள இடத்தில் இருந்தவருக்கு அந்த அவசரம் தெரியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 7 ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் நிலையங்களை விட்டு லண்டனை அடிக்கத் தொடங்கின. அன்று மாலை பார்க் தன் சொந்த ஹரிக்கேன் விமானத்தை எடுத்துக்கொண்டு எரிகிற நகரத்தின் மேல் பறந்து பார்த்தார். அப்போது அவருக்கு வயது 48, பதவி எயார் வைஸ் மார்ஷல். பிரான்சின் டன்கேர்க்கில் படைகளைக் கப்பலேற்றிய நாட்களிலும் அப்படித்தான் தானே பறந்து போய்ப் பார்த்தார். நிலையத்துக்கு நிலையம் தனியாக இறங்கி, பைலட்டுகளோடும் மெக்கானிக்குகளோடும் கதைப்பார். மேசையில் இருந்து கட்டளை போடுகிறவருக்குக் கீழே உண்மையில் என்ன நடக்கிறது என்பது பல நேரம் வடிகட்டித்தான் வரும். பார்க் அந்த வடியை நம்பவில்லை.

செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை. அக்ஸ்பிரிட்ஜில் நிலத்துக்கு அடியில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்குப் பிரதமர் சர்ச்சில் வந்து மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சண்டையில் இறங்கியதற்கு அடையாளமாக, சுவர்ப்பலகையில் ஸ்குவாட்ரன் ஸ்குவாட்ரனாகச் சிவப்பு விளக்கு ஏறியது. இன்னும் கையிருப்பு எவ்வளவு என்று சர்ச்சில் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் பார்க். கிணறு அடி தட்டிய நேரம் அது. ஆனால் அந்த அலை அதோடு திரும்பிவிட்டது. அன்று 185 விமானம் வீழ்த்தியதாக அறிவித்தார்கள். போர் முடிந்து ஜேர்மன் ஏடுகளைப் பார்த்தபோது தொகை 60 அளவில்தான் இருந்தது. போர்க்காலத் தொகைகளை எந்தப் பக்கம் சொன்னாலும் பாதியில் வைத்துக் கேட்கவேண்டும் என்பது எங்களுக்கும் புதிதல்ல. ஆனால் எதிரி எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை என்பது உண்மை. படையெடுப்புத் திட்டத்தை ஹிட்லர் இரண்டு நாளில் ஒத்திவைத்தார்.

வென்றவருக்கு என்ன கிடைத்தது? ஒக்ரோபர் 17 ஆம் திகதி விமான அமைச்சில் ஒரு கூட்டம் கூட்டி, பார்க்கும் டவுடிங்கும் ஏன் பிக் விங் பாவிக்கவில்லை என்று குடைந்தார்கள். அடுத்த மாதமே டவுடிங்கை நீக்கினார்கள். டிசம்பரில் பார்க்கைப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவருடைய 11 ஆம் குரூப் லீ-மல்லோரி கைக்குப் போனது. 1941 தொடக்கத்தில் லீ-மல்லோரி தன் முறையைக் காட்ட, முந்திய செப்டம்பரில் வந்த ஒரு தாக்குதலை வரைபடத்தில் வைத்து ஒத்திகை நடத்தினார். அவருடைய விமானங்கள் எழும்ப முன்னமே கென்லி, பிகின் ஹில் என்ற விமானப்படை நிலையங்கள் வரைபடத்தில் குண்டு வாங்கிவிட்டன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். பார்க்குக்கும் அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. ஆனாலும் பயிற்சிப் பிரிவில் ஒரு வருடம் முழு மனதாக வேலை பார்த்தார். போர் நீண்டால் பைலட்டுகள் எங்கிருந்து வருவார்கள்? அங்கிருந்துதானே.

பிறகு மோல்ட்டா. யாழ்ப்பாணத்தவர் எல்லாரும் படிக்கவேண்டிய பகுதி இது என்பேன்.

மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு. எங்களுடையதைப் போலவே சுண்ணாம்புக் கல் நிலம், ஆறு கிடையாது. அந்தக் கல்லைக் குடைந்து சனம் பதுங்கு குழி வெட்டிக் குடும்பம் குடும்பமாக இருந்தது. சாப்பாடு பங்கீட்டில். கப்பல் வந்தால்தான் மா, கப்பல் வந்தால்தான் மண்ணெண்ணெய். 1942 ஏப்ரலில் முழுத் தீவுக்கும் சேர்த்து ஜோர்ஜ் குரொஸ் விருது கொடுத்தார் மன்னர். ஆனால் விருதால் குண்டு நிற்காது. பார்க் அங்கே பொறுப்பெடுத்தது அந்த ஜூலையில். முன்பிருந்த முறைப்படி, விமானங்கள் தெற்கே போய் உயரம் ஏறித் திரும்பி வந்து, எதிரியைத் தீவுக்கு மேலேயே பிடித்தன. அதற்குள் குண்டு விழுந்துவிடும். பார்க் அதை நேர்மாறாக்கினார். ரேடார் சொன்னதும் சில நிமிடத்தில் எழும்பு, வடக்கே கடலுக்கு மேலே போ, கரைக்கு வர முன்னமே முட்டு. முதல் ஸ்குவாட்ரன் உயரத்தில் வரும் காவல் விமானங்களைப் பிடிக்கும், இரண்டாவது பக்கத்தில் வரும் காவலைப் பிடிக்கும், மூன்றாவது நேரே குண்டுவீச்சு விமானங்களுக்குள் போகும். சில வாரத்திலேயே பகல் குண்டுவீச்சு அடங்கியது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. லண்டனில் அளந்து, பொறுத்து அனுப்பியவர் மோல்ட்டாவில் முன்னேறி அடித்தார். இப்போது அவரிடம் ஸ்பிட்பயர் போதுமான அளவு இருந்தது, தீவு சின்னது, வருகிற திசை தெரியும். ஒரு இடத்தில் வென்ற முறையைக் காவிக்கொண்டு வந்து இன்னொரு இடத்தில் இறக்கவில்லை. ஆகஸ்ட்டில் 14 சரக்குக் கப்பல் புறப்பட்டு ஐந்து மட்டும் மோல்ட்டா சேர்ந்தன. அதில் ஒன்று உடைந்து தாழும் நிலையில் இழுத்து வரப்பட்ட 'ஒகாயோ' என்ற எண்ணெய்க் கப்பல். அந்த எண்ணெயும் இல்லையென்றால் பார்க்கின் திட்டம் காகிதத்தில்தான் இருந்திருக்கும். ஒக்ரோபரில் எதிரி இன்னொரு முறை முழுப் பலத்தோடு முயன்று தோற்றான்.

1944-இல் மத்திய கிழக்கு முழுவதற்கும் விமானத் தளபதி ஆனார். அதன் பிறகு இங்கே வந்த கதையில் ஒரு விதி விளையாட்டு இருக்கிறது. தென்கிழக்கு ஆசியப் பதவிக்கு முதலில் நியமிக்கப்பட்டவர் பார்க் அல்ல, அதே லீ-மல்லோரி. 1944 நவம்பர் 14 ஆம் திகதி, பதவி ஏற்க வரும் வழியில் அவருடைய விமானம் பிரான்சின் அல்ப்ஸ் மலையில் மோதி, அவரும் மனைவியும் கூட வந்த எல்லாரும் இறந்தார்கள். எவரெஸ்டில் மறைந்த ஜோர்ஜ் மல்லோரியின் தம்பி அவர். அண்ணனும் மலையில், தம்பியும் மலையில். எவ்வளவு பகை இருந்தாலும் அந்த முடிவு யாருக்கும் வரக்கூடாது. அந்த வெற்றிடத்துக்குத்தான் பார்க் வந்தார்.

கண்டியில் அவருக்குக் கிடைத்த வேலை சண்டையை விடச் சாமான் அனுப்புவது. பர்மாவில் பிரித்தானியத் தளபதி ஸ்லிம்மின் 14 ஆம் இராணுவம் காட்டுக்குள்ளும் ஆற்றைக் கடந்தும் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. றோட்டு இல்லாத இடத்தில் அரிசியும் வெடிமருந்தும் டக்கோட்டா விமானத்தில் போகும், காயப்பட்டவர்கள் அதே விமானத்தில் திரும்புவார்கள். மழைக்காலம் இறங்க முன் ரங்கூனைப் பிடிக்காவிட்டால் முழு இராணுவமும் சேற்றில் நிற்கும். மார்ச்சில் மண்டலை விழுந்தது, மே 3 ஆம் திகதி ரங்கூன். கப்பலில் சாமான் கணக்குப் பார்த்த பெடியன் முப்பது சொச்சம் வருடத்துக்குப் பிறகு ஒரு முழு இராணுவத்துக்கு வானத்தால் சாப்பாடு போட்டான். அதே மாதங்களில் பலாலியில் இருந்து லிபரேட்டர்கள் சுமத்திராப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் மேலே இருந்தவர் அவர்தான்.

ஜப்பான் சரணடைந்த பிறகும் வேலை முடியவில்லை. சிறைப்பட்டவர்களைக் கூட்டி வருவது, பட்டினிப் பகுதிக்கு உணவு, படையினரை ஊருக்கு அனுப்புவது. கப்பல் போதவில்லை, ஆட்கள் பொறுமை இழந்தார்கள். 1946 ஜனவரியில் கராச்சியில் விமானப்படையினர் தொடங்கிய வேலைநிறுத்தம் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று பரவியது. போர் முடிந்தது, எங்களை வீட்டுக்கு விடு என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தத் தலையிடியும் அவருடைய மேசைக்கே வந்தது. அந்த வருடக் கடைசியில் எயார் சீஃப் மார்ஷலாக ஓய்வு பெற்று நியூசிலாந்து திரும்பினார்.

தம்பி கேட்ட கடைசிக் கேள்வி, நல்ல பைலட்டாக இருந்தால் போதுமா என்பது. போதாது. அதுதான் தொடக்கமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. 1942-இல் இதே இலங்கையில் 222 ஆம் குரூப்பை நடத்திய டி'அல்பியாக், கடற்படைத் துருப்பில் பீரங்கி அதிகாரியாக இருந்து, முதல் உலகப் போரில் பின் இருக்கையில் இருந்து பார்த்துச் சொல்லும் அவதானிப்பாளராகத்தான் வானத்துக்கு வந்தவர். பின்னாளில் எயார் மார்ஷல் ஆனார், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் தலைவராகவும் இருந்தார். கணக்கும் பௌதிகமும் நன்றாகப் படியுங்கள், அது கட்டாயம். அதோடு பாடசாலையில் விளையாட்டுப் போட்டி நடந்தால் சாப்பாட்டுப் பொறுப்பையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முன்னூறு பேருக்கு நேரத்துக்குப் பார்சல் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற வேலையில் நீங்கள் கேட்கிற பதவிக்கான பயிற்சி நிறையவே இருக்கிறது.

பலாலிக்கும் பிறகு நல்ல காலம் வந்தது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, மதராசுக்குப் போனது. போர்க்கால ஓடுபாதையில் சாதாரணப் பயணிகள் ஏறினார்கள். நடுவில் வந்த நீண்ட இருட்டு உங்களுக்கும் தெரியும். 2019 ஒக்ரோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது என் வயதுக்காரர் பலர் வேலி ஓரம் நின்று, இறங்குகிற விமானத்தைப் பயமில்லாமல் அண்ணாந்து பார்த்தோம்.

பார்க்கும் ஊருக்குத் திரும்பி விமான நிலைய வேலைதான் பார்த்தார். ஒக்லாந்தின் மாங்கெரேயில் சர்வதேச விமான நிலையம் வரப் பாடுபட்டார், நகரசபை உறுப்பினராக இருந்தார், 1975 பெப்ரவரி 6 ஆம் திகதி 82 வயதில் இறந்தார். லண்டனில் அவருக்கு நிரந்தரச் சிலை வைக்க 2010 செப்டம்பர் 15 வரை ஆனது. வோட்டர்லூ பிளேஸ் என்ற இடத்தில் நிற்கிறது. பதக்கம் குத்திய சீருடை இல்லை. பறக்கும் உடுப்போடு, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறார்.